மனதுக்கு எழுதிய குளிசை வயிற்றில் என்ன செய்கிறது?

“காலமை குளிசை போட்டால் மத்தியானம் மட்டும் ஓங்காளமாய்க் கிடக்கு. புட்டு மணமே பிடிக்கேல்லை.” மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கிய முதல் கிழமையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் முறைப்பாடு இது. “வயித்துக்கு ஒத்துவராத மருந்து, விட்டிடு பிள்ளை” என்று பக்கத்தில் இருப்பவர்களும் சொல்லிவிடுவார்கள். எனக்குக் கவலை தருவது அந்த அறிவுரைதான். இந்த ஓங்காளத்துக்குத் தெளிவான காரணம் உண்டு. பெரும்பாலானோருக்கு அது தானாகவே அடங்கியும் விடும்.

இந்தக் குளிசைகள் வேலை செய்வது செரோட்டோனினில், அதாவது நரம்புகளுக்குச் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருளில். அதன் பெயரைச் சொன்னதும் மூளைதான் நினைவுக்கு வரும். ஆனால் உடம்பிலுள்ள செரோட்டோனினில் 90 வீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. 1930களில் இத்தாலிய ஆய்வாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர் இதைக் கண்டெடுத்ததும் குடலின் உட்சவ்விலிருந்துதான். சாப்பாடு வந்து குடற்சுவரை அழுத்தியதும் அங்குள்ள சில கலங்கள் செரோட்டோனினை வெளிவிடும். அது அருகிலுள்ள நரம்புகளை உசுப்ப, உணவுக்குப் பின்னால் தசை சுருங்கி, முன்னால் தளர்ந்து, உணவு நகரும். வேலை முடிந்ததும் சுவர்க் கலங்களிலுள்ள ஒரு புரதம் மிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூளை நரம்புகளிலும் இருப்பது இதே புரதம்தான். ஃபுளூவொக்செட்டின், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகள் அதை அடைக்கின்றன, இரண்டு இடத்திலும்.

அப்போது குடலில் செரோட்டோனின் வழமையைவிடக் கூடுதல் நேரம் நிற்கிறது. அது குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகளைத் தூண்ட, செய்தி மூளைத்தண்டுக்குப் போய் ஓங்காளமாகிறது. சிலருக்குச் சத்தியும் வரும். செர்ட்ரலினில் வயிறு இளகுவது கூடுதல். இதே வகையான பரொக்செட்டினில் மலச்சிக்கல் வரலாம். ஓரிரு கிழமைகளில் உடல் பழகிக்கொள்ளும். மனம் தெளியத் தொடங்கவோ பல கிழமைகள் எடுக்கும். தொல்லை முதலில், பலன் பிறகு. அந்த இடைவெளியில்தான் பலர் மருந்தைக் கைவிடுகிறார்கள்.

பசியின் கதை வேறு. மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஹைபோதலமஸில் செரோட்டோனின் கூடினால் “போதும்” என்ற உணர்வு சீக்கிரம் வரும். அதனால் தொடக்கத்தில் சோறு இறங்காது. மாதக்கணக்கில் எடுக்கும்போது சிலருக்கு எடை கூடவும் செய்யும். மனம் தேறிப் பசி திரும்புவதும் அதில் ஒரு பங்கு. மிர்டசபின் என்ற வேறுவகை மருந்து “போதும்” என்ற செய்தியைச் செரோட்டோனினிடமிருந்து வாங்கும் வாயில்களில் ஒன்றையும், ஹிஸ்டமின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் வேலையையும் தடுத்துப் பசியையும் நித்திரையையும் கூட்டும். மெலிந்து, நித்திரையின்றி வருபவருக்கு அது பொருந்தலாம்.

சரி, என்ன செய்யலாம்? சாப்பிட்ட பிறகு குளிசையைப் போடுங்கள். தாங்க முடியாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் ஓங்காளமும் அதனாலேயே வரலாம். இன்னொன்றும் உண்டு. இரத்தம் உறையக் குருதிச் சிறுதட்டுகளுக்கும் செரோட்டோனின் வேண்டும், இந்த மருந்துகள் அதைக் குறைக்கின்றன. ஆகவே மூட்டு நோவுக்கு மருந்துக்கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் வாங்கிச் சேர்த்துப் போட்டால் இரைப்பையில் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.