கணினி கண்விழிக்கும்போது முணுமுணுப்பதைப் பிடிப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட். இயந்திரத்தை ஓட்டும் லினக்ஸ் கணினி காலையில் கிளம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடுகின்றன. அப்புறம் வெறும் கறுப்பு. "ராத்திரி வரைக்கும் நன்றாகத்தான் ஓடியதுங்க" என்பதற்கு மேல் ஆபரேட்டருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பழுது பார்க்க வந்தவர் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, வேறு கணினியில் மாட்டி, நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக் கோப்பைத் திறக்கிறார். நேற்று இரவு நிறுத்தியது வரை எல்லாம் பதிவாகியிருக்கிறது. இன்று காலை நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதில் மர்மம் எதுவுமில்லை. லாக் எழுதுவது, லினக்ஸின் மைய நிரலான கர்னலின் வேலையல்ல. அதற்கென்று தனி நிரல் உண்டு. அந்த நிரல் ஓட வேண்டுமானால், முதலில் கர்னல் நினைவகத்தில் ஏறி, சிப்புகளை அடையாளம் கண்டு, டிஸ்கை இயக்கும் நிரலான டிரைவரை எழுப்பி, டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைத்திருக்கும் கோப்புமுறையை இணைத்து, அதில் எழுதவும் அனுமதி தந்திருக்க வேண்டும். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீரும் தாலிகட்டும் முடிந்து பந்தி போடும் நேரத்தில் வந்து சேர்ந்த வீடியோகாரரின் நிலைதான் அதற்கு. டிஸ்கை எழுப்பும்போதே பழுது வந்துவிட்டால் அவர் மண்டபத்துக்கே வருவதில்லை.

அதுவரை செய்திகள் எங்கே இருக்கின்றன? ரேமில், ரிங் பஃபர் என்ற பகுதியில். கர்னல் தன் முதல் வரியிலிருந்தே அதில் எழுதத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேர முத்திரை உண்டு. முதல் சில வரிகளில் அது 0.000000 என்றே நிற்கும், ஏனெனில் அப்போது கர்னலின் கடிகாரமே ஓடத் தொடங்கியிருக்காது. பின்னால் வரும் லாக் நிரல் இந்தப் பகுதியைப் படித்து டிஸ்கில் சேர்க்கிறது. ஆகவே கணினி ஒழுங்காகக் கிளம்பிவிட்டால் பெரும்பாலும் எதுவும் தொலைவதில்லை. பகுதி நிரம்பினால் மட்டும் பழைய வரிகளின் மேல் புதியவை விழும். 128 அல்லது 256 கிலோபைட் என்று சிறிதாக வைத்திருப்பதே வழக்கம். கிளம்பும்போது கர்னலுக்குத் தரும் கட்டளை வரியில் அளவை 4 மெகாபைட் ஆக்கினால் அந்தக் கவலை தீர்ந்தது. கிளம்பாத கணினியில்தான் சிக்கல்: மின்சாரத்தை நிறுத்திய கணமே ரேமில் இருந்தது போய்விடும்.

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாதது. கட்டளை வரியில், செய்திகளைத் திரையில் காட்டாமல் அடக்கும் 'குவயட்' என்ற சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். நிறுவன லோகோ அழகாகத் தெரியட்டும் என்று பழுதை மறைக்கும் வழக்கம் எப்படித்தான் வந்ததோ! செய்திகளுக்கு நடுவே சில மில்லிநொடி தாமதம் வைக்கும் வசதியும் சில கர்னல்களில் உண்டு. வைத்துவிட்டுக் கைபேசியில் வீடியோ எடுத்தால் பாதிப் பழுதுகள் அதிலேயே சிக்கும். ஆனால் திரையை நம்ப முடியாது. கிராபிக்ஸ் டிரைவர் விழித்ததும் திரையைத் துடைத்துவிடும். அதற்கு முன் வந்தவை ஓடிப்போயிருக்கும்.

நம்பத்தக்கது, எழுத்துகளைக் கம்பி வழியே ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் போர்ட். 1960இல் வந்த ஆர்எஸ்-232 தரத்தின் வாரிசு, இன்றும் இந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. காரணம் அதன் எளிமை. ஓர் எழுத்தைச் சிப்பிலுள்ள சிறு நினைவறையான ரெஜிஸ்டரில் போட்டால் அது கம்பியில் போய்விடும். பெரிய டிரைவரும் வேண்டாம், நினைவக ஏற்பாடும் வேண்டாம். 'எர்லிகான்' என்ற வசதியைச் சேர்த்தால், கர்னல் முழுமையாக விழிக்கும் முன்பே இந்த வழியில் பேசத் தொடங்கும். ஒவ்வோர் எழுத்தும் போய்ச் சேரும் வரை பிராசஸர் காத்திருக்கிறது. ஆகவே அடுத்த நொடியில் கணினி செத்தாலும், கடைசியாகச் சொன்னது மறுமுனையில் இருக்கும் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கும்.

இந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. நொடிக்கு 115200 பிட் என்பது வழக்கமான வேகம். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளோடு 10 பிட். ஆக நொடிக்கு 11520 எழுத்து, நீளமான வரிகள் என்றால் சுமார் 140. கிளம்புவது தாமதமாகும். நேரக் கணக்கில் உண்டாகும் பழுதுகள் சில, இந்தத் தாமதத்தாலேயே காணாமல் போய்ப் பழுது பார்ப்பவரைப் பைத்தியமாக்குவதும் உண்டு.

பிடித்த பிறகு கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். ரூட் கோப்புமுறையை, அதாவது லினக்ஸ் குடியிருக்கும் முதன்மைக் கோப்புமுறையை, இணைக்க முடியவில்லை என்ற வரியின் இறுதியில், அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும். 0,0 என்றால் கர்னலுக்கு டிஸ்க் கண்ணிலேயே படவில்லை: டிரைவர் இல்லை, அல்லது கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது டிஸ்கின் பெயர் தவறு. 8,1 என்பதுபோல் இருந்தால் எந்த டிஸ்கின் எந்தப் பகுதி என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. சந்தேகம் கோப்புமுறையின் பக்கம் திரும்ப வேண்டும். புது டிஸ்க் வாங்குவதா வேண்டாமா என்பதை இந்த இரண்டு எண்களே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சீரியல் போர்ட் இல்லாத கணினிகளுக்கு 'நெட்கன்சோல்' உண்டு. செய்திகளை நெட்வொர்க் வழியே பக்கத்துக் கணினிக்கு அனுப்பும். ஆனால் நெட்வொர்க் டிரைவர் விழித்த பிறகுதான் அதற்கு வாய் திறக்கும். 'பிஸ்டோர்' என்பது வேறு வகை: கர்னல் சாகும் தறுவாயில் கடைசி வரிகளை மதர்போர்டின் நிலையான நினைவகத்தில் எழுதிவைத்துவிடும், அடுத்த முறை கிளம்பும்போது எடுத்துப் படிக்கலாம்.

சீரியல் கம்பி போடுவோருக்கு இரண்டு எச்சரிக்கை. கோவைக் கடைகளில் வாங்கும் யூஎஸ்பி மாற்றிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்பது முள் கொண்ட ஆர்எஸ்-232 வகையில் மின்னழுத்தம் பிளஸ், மைனஸ் 15 வோல்ட் வரை போகலாம்; சிறிய கட்டுப்பாட்டு போர்டுகளின் முனைகளோ 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். அவசரத்தில் மாற்றிச் செருகினால் போர்டே போய்விடும். அடுத்தது, மோட்டார்களும் இன்வெர்ட்டர் டிரைவ்களும் ஓடும் ஷெட்டில் எர்த் ஒழுங்காக இருக்கும் என்று எண்ண வேண்டாம். கம்பியை மாட்டும் முன் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலேயே ஓடவிடுங்கள்.