பூஞ்சைவழி மாசுநீக்கம்

கடலில் கொட்டிய எண்ணெயைப் பூஞ்சைகளைக் கொண்டு சிதைக்கும் முறை பற்றிய தமிழ்க் கட்டுரைகளில், ‘மைக்கோரெமிடியேஷன்’ என்பதற்கு ஈடாகப் ‘பூஞ்சைச் சிகிச்சை’ என்னும் தொடரை ஆளும் வழக்கம் பெருகி வருகிறது. பொருளைத் தலைகீழாக்கும் இத்தொடரை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை.

‘மைக்கோ’ பூஞ்சையைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. பின்பாதி, குணப்படுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினது.

இலத்தீனில் மருந்து இருப்பதால் தமிழிலும் மருந்து வேண்டும் என்று கருதியதிலிருந்தே பிழை தொடங்குகிறது. கண் சிகிச்சை, பல் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை என்னும்போது முன்னிற்கும் சொல், சிகிச்சை பெறும் உறுப்பையோ தீர்க்க வேண்டிய நோயையோ குறிக்கிறது. அவ்வழக்கில் ஊறிய வாசகர் ‘பூஞ்சைச் சிகிச்சை’ என்று படித்தால், படர்தாமரைக்குச் செய்யும் வைத்தியம் என்றே கொள்வார். உழைக்கும் உயிரி ஒழிக்க வேண்டிய நோயாகிவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சையில் முற்சொல் கருவியைத்தானே குறிக்கிறது என்று சிலர் வாதிடலாம். கதிர்வீச்சை நோயின் பெயராக யாரும் வழங்குவதில்லை என்பதால் அங்கே மயக்கமில்லை. பூஞ்சையையோ தொற்றாகவே பலரும் அறிவர். ‘பூஞ்சைத் தீர்வு’ என்பாரும் உளர். எது தீர்ந்தது என்பதை அத்தொடர் சொல்வதே இல்லை.

கடற்பூஞ்சைகளைக் ‘கடல் காளான்’ என்பதும் இதே அவசரத்தில் பிறந்ததுதான். அமெரிக்கக் காளான் ஆய்வாளர் பால் ஸ்டாமெட்ஸ் டீசல் படிந்த நிலத்தில் வளர்த்தவை சிப்பிக் காளான்கள். அங்கே காளான் என்பது பொருந்தும். கொரொல்லோஸ்போரா போன்ற கடற்பூஞ்சைகள் கடற்கரை மணலிலும் மிதக்கும் மரத்துண்டுகளிலும் நுண்ணிழைகளாக வாழ்பவை; அவற்றுக்குக் குடையும் இல்லை, தண்டும் இல்லை. மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்த பின், அலபாமாவின் டாஃபின் தீவு மணலை ஆராய்ந்தவர்கள் அங்கே பூஞ்சைகளின் ஆதிக்கம் மிகுந்திருந்ததைக் கண்டனர். அவற்றிலும் முதன்மையானவை இழைப்பூஞ்சைகளே.

எனவே ‘பூஞ்சைவழி மாசுநீக்கம்’ என்பதே தகும். ‘வழி’ என்னும் சொல் பூஞ்சையைக் கருவியாக நிறுத்துகிறது. ‘மாசு’ நீங்க வேண்டியதைச் சொல்கிறது. ‘அகற்றல்’ என்பதை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். 2017 சனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதால் கசிந்த எண்ணெயை வாளிகளில் அள்ளினார்களே, அது அகற்றல். எண்ணெய் இடம் மாறியதேயன்றி அழியவில்லை. பூஞ்சையிழை எண்ணெய்த் துளியைப் பற்றிக்கொண்டு, நொதிகளால் எண்ணெயிலுள்ள ஐதரோகார்பன் சங்கிலியில் ஆக்சிசனை ஏற்றி, அதை ஆல்ககாலாகவும் பின்னர்க் கொழுப்பு அமிலமாகவும் மாற்றி உணவாக்கிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதி கரியமில வாயுவாகவும் நீராகவும் முடிகிறது. கனமான தார்ப்பகுதிகள் எளிதில் இணங்குவதில்லை என்பதையும், இத்துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வகக் குடுவைகளுக்குள் நடந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். குணமாகிவிடும் என்று உறுதி தருவதுபோல் ஒலிக்கும் ‘சிகிச்சை’ இதனாலும் பொருந்தாது.

இந்த அமைப்பையே கொண்டு, செடிகள் செய்வதைத் தாவரவழி மாசுநீக்கம் என்றும், பாக்டீரியாக்கள் செய்வதைப் பாக்டீரியாவழி மாசுநீக்கம் என்றும், எல்லாவற்றுக்கும் பொதுவாக உயிரிவழி மாசுநீக்கம் என்றும் தடையின்றி எழுதலாம்.