சுவரில் இருக்கிறது விஷயம்

கரைசலில் உள்ள உலோக அயனிகளை ஒரு நுண்துளையால் கண்டறிவது எப்படி? ஒரு மெல்லிய படலம், அதில் ஒரே ஒரு துளை. இருபுறமும் உப்புக் கரைசல், பக்கத்துக்கு ஒரு மின்முனை. மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் துளை வழியே நகர்ந்து சிறு மின்னோட்டம் பாயும். துளைக்குள் ஏதாவது நுழைந்தால் வழி குறுகி மின்னோட்டம் குறையும். வாலஸ் கூல்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற கருவி இரத்த அணுக்களை இப்படித்தான் எண்ணுகிறது.

சரி, துளையை நானோமீட்டர் அளவுக்குச் சுருக்கி ஈய அயனியையும் எண்ணிவிடலாமா? முடியாது. உப்பிலுள்ள பொட்டாசியம் அயனியின் ஆரம் சுமார் 0.14 நானோமீட்டர், ஈய அயனி அதைவிடக் கொஞ்சம் சிறியது. மின்னோட்டத்தைச் சுமப்பதே இந்த அளவு அயனிகள் என்பதால், ஈயமும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும்.

அதனால் வேலை துளையின் சுவரிடம் போகிறது. பாலியெஸ்டர் படலத்தின் மீது வேகமான கன அயனி ஒன்றைச் செலுத்தினால் அது போன தடம் மட்டும் சிதைந்திருக்கும். அந்தத் தடத்தை ஒரு பக்கமிருந்து காரக் கரைசலால் அரித்தால் கூம்பு வடிவத் துளை கிடைக்கும். ஓர் அயனிக்கு ஒரு துளை! அரிபட்ட சுவரில் கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதிகள் நிற்கும். நடுநிலைக் கரைசலில் அவற்றுக்கு எதிர் மின்சுமை. சில நானோமீட்டர் அகலமே உள்ள முனையில் இந்தச் சுமையின் கை ஓங்கிவிடுவதால், மின்னோட்டம் ஒரு திசையில் தாராளமாகவும் மறுதிசையில் தயங்கியும் பாயும், டையோடு போல. கார்பாக்சிலோடு உலோகத்தைப் பற்றும் மூலக்கூறுகளைப் பிணைத்துவிட்டால், நேர்மின் அயனி வந்து அமர்ந்ததும் சுவரின் சுமை மாறும், டையோடு குணமும் மாறும். நாம் அளப்பது அந்த மாற்றத்தைத்தான்.

எதைப் பிணைப்பது என்பதில்தான் வேதியியலாளரின் சாமர்த்தியம். பொட்டாசியத்துக்கு அதன் அளவுக்குப் பொருந்தும் கிரௌன் ஈதர் வளையம். பாதரசத்துக்குக் கந்தகமுள்ள தயோல், அல்லது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமீன் நிறைந்த இழை.

புரதத் துளைகள் இன்னும் நுட்பமானவை. ஆல்ஃபா ஹீமோலைசின் உயிரணுச் சவ்வில் துளையிடும் ஒரு பாக்டீரியா நச்சு; அதன் குறுகலான இடம் சுமார் 1.4 நானோமீட்டர். வேதியியலாளர் ஹேகன் பெய்லியின் குழு 1997-இல் அதன் உட்சுவரில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலங்களைப் பொருத்தித் துத்தநாக அயனியைக் கண்டறிந்தது. ஒற்றை அயனி ஒட்டும்போதும் விலகும்போதும் மின்னோட்டம் படிபோல் இறங்கி ஏறும். படியின் உயரமும் நீளமும் எந்த உலோகம் என்று காட்டும். அடிக்கடி வருகிறதா என்பது செறிவைச் சொல்லும்.

சிக்கல்களும் உண்டு. ஹிஸ்டிடின் செம்பையும் நிக்கலையும்கூடப் பற்றும். கரைசலின் அமிலத்தன்மை மாறினாலே கார்பாக்சிலின் சுமை மாறும். உலோகம் வந்த மாதிரியே தெரியும். அப்புறம், பிடி மிக இறுகிப்போனால் அயனி வெளியேறாது. அப்போது ஈடிடிஏ என்னும் வேதிப்பொருளை ஊற்றிக் கழுவுவார்கள்; அது சுவரைவிட இறுக்கமாக உலோகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.