ட்ரை: முயற்சியா, தொடுகையா, ஊன்றலா?

ரக்பியில் எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவதை ஆங்கிலத்தில் 'ட்ரை' (try) என்பர். ஆஸ்திரேலிய ரக்பி யூனியன் வீரர் டேவிட் கேம்பீசி 101 டெஸ்ட் (நாடுகளுக்கிடையேயான) ஆட்டங்களில் '64 முயற்சிகள்' செய்தார் என்று தமிழில் எழுதினால், ஆட்டத்தை அறியாதவர், 64 முறை முயன்றவர் எத்தனை முறை வென்றார் என்றுதான் கேட்பார். அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பு, அன்றைய உலகச் சாதனையை நிறைவேறாத ஆசையாக்கிவிடுகிறது.

'ட்ரை' என்ற ஆங்கிலப் பெயருக்குக் காரணம் உண்டு. தொடக்க கால ரக்பியில், எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்தவருக்குப் புள்ளி கிடையாது. பந்தைக் கோல் கம்பங்களுக்கிடையே உதைத்து முயன்று பார்க்கும் வாய்ப்பே கிடைத்தது. பிற்காலத்தில் அச்செயலே புள்ளி பெற்று, 1971இல் நான்காகவும் 1992இல் ஐந்தாகவும் உயர்ந்தது. 1982 முதல் 1996 வரை ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய கேம்பீசி இரு கணக்கிலும் புள்ளி சேர்த்தவர்.

'முயற்சி'யைத் தவிர்க்க நினைப்போர் 'தொடுகை' என்கிறார்கள். இது இன்னும் பெரிய குழப்பம். ரக்பியில் ஆடுகளத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே பந்து போவதையே ஆங்கிலத்தில் 'டச்' என்பர். ஓரத்தில் ஓடும் விங் ஆட்டக்காரரான கேம்பீசிக்குத் தொடுகை என்பது பந்தை இழக்கும் ஆபத்து. அதே சொல்லை வெற்றிக்கும் சூட்டினால், வருணனை கேட்பவர் மகிழ்வதா வருந்துவதா? மேலும், கையில் பிடித்த பந்து தரையில் பட்டால் போதுமென்றாலும், தரையில் கிடக்கும் பந்தை வெறுமனே தொடுவது போதாது, அழுத்த வேண்டும். அவ்வழுத்தம் 'ஊன்றல்' என்ற சொல்லில் இருக்கிறது. விதை ஊன்றுகிறோம், கம்பம் ஊன்றுகிறோம், கால் ஊன்றுகிறோம். 'ட்ரை' என்றே எழுதுவோருடன் எனக்குச் சண்டையில்லை. கோலும் விக்கெட்டும் அப்படி வந்தவைதாம். தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால், அது பொருளைத் தலைகீழாக்கக் கூடாது.

1991 உலகக் கோப்பை அரையிறுதியில், டப்ளினில், நியூசிலாந்துக்கு எதிராகக் கேம்பீசி ஓர் ஊன்றல் செய்தார். பின்னர் தோளுக்கு மேலாகப் பந்தை வழங்கி டிம் ஹோரனின் ஊன்றலுக்கும் வழிவகுத்தார். ஆஸ்திரேலியா 16-6 என வென்றது. அவருடைய 64 ஊன்றல்களை 2006இல் ஜப்பானின் டைசுகே ஒஹாடா முந்தினார்.