பழுது நீக்கும் உரிமை: ஒன்றிய அரசின் இணையதளம் எதற்குப் பயன்படும்?

"போர்டு போய்விட்டது, சரிசெய்யும் காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்று சேவை மையத்தில் சொல்லும்போது, அந்த போர்டின் விலை என்ன, வெளியில் யாராவது மாற்றித் தருவார்களா என்று திருப்பிக் கேட்க வாடிக்கையாளரிடம் பெரும்பாலும் எந்த விவரமும் இருப்பதில்லை. இந்தக் குறையைப் போக்கும் நோக்கில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கப்பட்டது.

வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை இது உள்ளடக்கும். பயனர் கையேடு, உதிரிபாக விலை, வாரண்டி நிபந்தனைகள், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்கள் போன்ற விவரங்களை நிறுவனங்கள் இங்கே தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் தரப்படும் விவரத்தின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பொருளின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழுதுக்குக் கொடுக்கும் முன்பே தேடிப் பார்ப்பது நல்லது. செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னர் வழக்கு என்று வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

பழுது நீக்கும் உரிமைக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை என்பதை மறக்கலாகாது. உதிரிபாகம் தர மறுத்தாலோ, வாரண்டி காலத்திலேயே இழுத்தடித்தாலோ, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு அல்லது நியாயமற்ற வணிக நடைமுறை என்றே முறையிட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதில் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

வெளிக்கடையில் திறந்தால் வாரண்டி போய்விடும் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, கார் நிறுவனங்கள் குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் பிறப்பித்த உத்தரவு கவனிக்கத்தக்கது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையம், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது என்றும், அந்த வேலையின் கோளாறால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

அடுத்த கட்டமாக, 2024இல் அமைக்கப்பட்ட மற்றொரு குழு, கைபேசி மற்றும் மின்னணுப் பொருள்களுக்கு 'பழுது நீக்க எளிமை'க் குறியீட்டை வகுத்து, அந்த மதிப்பெண்ணை விற்பனை இடத்திலேயே காட்ட வேண்டும் என்று 2025 மே மாதம் பரிந்துரைத்தது. பிரான்சில் 2021 முதல் சில மின்பொருள்களுக்கு இத்தகைய மதிப்பெண் பத்துக்கு எவ்வளவு என்று விலைக்கு அருகிலேயே காட்டப்படுகிறது.