டைனோசரை நடக்கவைக்கும் கணக்கு

பெரம்பூரில் என்னிடம் அனிமேஷன் பயிலும் மாணவர்கள் முதன்முதலில் செய்யும் டி-ரெக்ஸ் டைனோசர், பெரும்பாலும் உள்ளே ஆள் புகுந்து நடப்பது போலவே நடக்கும். தோலும் பல்லும் அருமையாக வந்திருக்கும். நடையில் மட்டும் எடை இருக்காது. கோளாறு காலக்கணக்கில்தான். வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும் படத்தில், மனிதன் ஓர் அடி வைக்க 12 ஃபிரேம் என்பது வகுப்பில் பழகிய கணக்கு. அதையே டைனோசருக்கும் போட்டுவிடுகிறார்கள்.

முன்னே வீசப்படும் கால் ஓர் ஊசல். நீளக் கயிற்று ஊஞ்சல் நிதானமாக ஆடுவதுபோல் நீண்ட காலும் நிதானமாகவே வீசும். ஆடும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: கால் 4 மடங்கு நீண்டால் நேரம் 2 மடங்கு. சிகாகோ அருங்காட்சியகத்திலுள்ள 'சூ' என்ற டி-ரெக்ஸின் இடுப்புயரம் சுமார் 4 மீட்டர். நம் இடுப்புயரத்தைப் போல 4 மடங்குக்கும் மேல். ஆகவே 12 ஃபிரேம் குறைந்தது 25 ஆகவேண்டும். 2021இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வாலின் இயல்பான மேல்கீழ் அசைவை வைத்துக் கணக்கிட்டதில், அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை வினாடி வந்தது. அதாவது 36 ஃபிரேம். வேகம் மணிக்கு 4.6 கி.மீ.; நாம் பக்கத்திலேயே நடந்து போகலாம்!

நேரம் சரியானதும் பாதத்துக்கு வருவோம். இதற்கு நான் அனுப்பும் இடம் வியாசர்பாடி, புளியந்தோப்புச் சந்துகள். அங்கே மேயும் நாட்டுக்கோழியைக் கைபேசியைத் தரையோடு வைத்துப் படமெடுத்து, வேகத்தைக் குறைத்துப் பார்க்கவேண்டும். கால் தூக்கியதும் விரல்கள் ஒன்றுசேர்ந்து பின்னால் மடங்குகின்றன. தரையைத் தொடும் முன் விரிகின்றன. பின்னோக்கி மடங்குவதாகத் தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. இந்தப் பாதத்தை அப்படியே டி-ரெக்ஸுக்குக் கொடுக்கலாம். அதுவும் விரலூன்றி நடந்த பிராணிதான்.

தொடையைக் கொடுக்கக் கூடாது. கோழிக்குக் கனத்த வால் இல்லாததால் உடலின் எடை முன்னே சாய்கிறது. தொடையெலும்பு கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடக்க, முழங்காலுக்குக் கீழேதான் வீச்செல்லாம். டைனோசரிலோ, வாலின் அடியிலிருந்து தொடையெலும்புக்கு ஓடிய பெருந்தசை காலைப் பின்னுக்கு இழுத்தது. அதனால் வீச்சு இடுப்பிலிருந்தே தொடங்கவேண்டும். 2014இல் சிலி நாட்டில் கோழிகளுக்குக் குஞ்சுப் பருவத்திலிருந்தே செயற்கை வால் கட்டி வளர்த்தார்கள். அவற்றின் தொடையெலும்பு நிமிர்ந்தது, வீச்சும் கூடியது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

கால்தடப் புதைபடிவங்களையும் பார்த்தே தீரவேண்டும். இடவலத் தடங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்திருக்கின்றன. வால் இழுபட்ட கீறல் மிக அபூர்வம். கால்களை அகட்டி வைப்பதும் வாலைத் தரையில் போடுவதும் தவறு.

வால் பக்கவாட்டில் ஆடலாம். உடல் முறுகுவதை அது ஈடுகட்டுகிறது. அடிவால் முதலில் திரும்பட்டும். அசைவைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் எடிட்டர் என்ற மென்பொருள் சன்னலில், அடுத்தடுத்த மூட்டுகளின் வளைகோட்டை இரண்டு மூன்று ஃபிரேம் பின்னுக்குத் தள்ளினால் போதும். நுனிப்பக்க எலும்புகள் ஒன்றையொன்று கவ்வி விறைப்பாக இருந்தவை. அங்கே வளைவைக் குறைத்துவிட வேண்டும்.