விண்ணப்பம் அனுப்பியாச்சு, அப்புறம்?

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அக்டோபர் பிறந்தாலே, அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க நினைக்கும் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்து நிற்பார்கள். அவர்களுடைய கவலை எல்லாம் எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி எழுதும் கட்டுரை) பற்றியும் ஜி.ஆர்.ஈ. தகுதித் தேர்வு மதிப்பெண் பற்றியும்தான். எனக்குக் கவலை அதற்கு அடுத்த கட்டத்தில். முதல் விண்ணப்பத்தை சப்மிட் செய்த கையோடு "முடிஞ்சது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முடியவில்லை. உடனே வரும் மின்னஞ்சல் நீங்கள் விண்ணப்பித்ததற்கும் பணம் கட்டியதற்கும் மட்டும்தான் சான்று. அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் ஒரு போர்ட்டலுக்கு லாகின் அனுப்பும். உள்ளே போனால் ஒரு பட்டியல் இருக்கும்: மதிப்பெண் சான்று, டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்ததா இல்லையா என்ற குறிப்பு. ஒன்று குறைந்தாலும் பல துறைகளில் அந்த விண்ணப்பம் தேர்வுக் குழுவின் கண்ணிலேயே படாது. ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை கட்டுகிறீர்கள், ஒரு தாள் வந்து சேராததால் அது வீணாகப் போகலாமா?

நம் பிள்ளைகள் அடிக்கடி மாட்டுவது பெயரில். கல்லூரிச் சான்றில் பெயருக்குப் பக்கத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக விரிந்திருக்கும், சிலருக்கு சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். டோஃபல் மதிப்பெண் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் போய்ச் சேரும், விண்ணப்பத்தில் நீங்கள் வேறு மாதிரி நிரப்பியிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று அங்கே இருக்கும் கணினிக்குத் தெரியாது. மதிப்பெண் அனுப்பி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியும் போர்ட்டலில் வரவில்லை என்றே இருந்தால், சேர்க்கை அலுவலகத்துக்கு பாஸ்போர்ட் பெயர், பிறந்த தேதி, தேர்வுப் பதிவெண் மூன்றையும் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் தேடி எடுத்துச் சேர்த்துவிடுவார்கள், கேட்டால்தான் தேடுவார்கள்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். கடிதத்தை ஏற்றச் சொல்லிப் போர்ட்டலிலிருந்து ஆசிரியர்களுக்கு வரும் லிங்க் எங்கள் ஸ்பேமில் விழுந்து கிடப்பது சகஜம், அதிலும் நவம்பர், டிசம்பர் எங்களுக்கு செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்துவதுமாகப் போகும் மாதங்கள். ஆசிரியரிடம் இரண்டாம் முறை கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கித் தயங்கிக் கடைசித் தேதியைத் தாண்டிவிடுகிறார்கள். தயங்காதீர்கள், நேரில் வந்து "ஸ்பேம்ல ஒரு தடவ பாருங்க சார்" என்று சொன்னால் போதும். கெடு முடிந்து சில நாள் வரை கடிதத்தை ஏற்கும் துறைகள் நிறைய உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். ஆசிரியர் பெயரில் மின்னஞ்சல் முகவரி உருவாக்கி "கடிதத்தை நாங்களே ஏத்திடுறோம்" என்று சொல்லும் கன்சல்டன்சிகள் பக்கமே போகாதீர்கள். அது ஆள்மாறாட்டம், பிறகு தெரியவந்தால் கிடைத்த அட்மிஷனும் போய்விடும்.

சரி, எல்லாம் வந்துவிட்டது என்று போர்ட்டல் காட்டுகிறது. இனி உங்கள் கையில் ஒன்றும் இல்லை. டிசம்பரில் கெடு முடிந்த பிஎச்.டி. விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பதில் வரும், எம்.எஸ். ஏப்ரல் வரைகூட இழுக்கும். எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்ல மாட்டார்கள். டெலிகிராம் குழுவில் யாரோ தனக்கு வந்துவிட்டது என்று போட்டால் உங்களுக்கு இல்லை என்று அர்த்தமே கிடையாது. நடு ராத்திரி அலாரம் வைத்து எழுந்து போர்ட்டலைப் பார்த்துவிட்டு, காலையில் வகுப்பில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. முடிவு வந்தால் பெரும்பாலும் மின்னஞ்சல் வரும், அதைக் காலையில் பார்த்தாலும் அதே முடிவுதான். பதில் வர இத்தனை மாதம் ஆகும் என்பதை அப்பா அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிப்ரவரியிலேயே சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், பதில் சொல்லத் தெரியாமல் வீட்டில் இருப்பவர்கள் உங்களைவிட அதிகமாகத் தவித்துப்போவார்கள்.

இல்லை என்று வந்தால், அது உங்கள் தகுதிக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. குறிப்பாக பிஎச்.டி.யில், அந்த ஆண்டு எந்தப் பேராசிரியரிடம் பணம் இருக்கிறது, யாருக்கு ஆள் தேவை என்பதே பாதி முடிவைத் தீர்மானிக்கும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி கொடுத்த அனுமதியையே திரும்பப் பெற்றது. அந்தப் பிள்ளைகளின் எஸ்.ஓ.பி.யில் என்ன குறை சொல்ல முடியும்?

ஆமாம் என்று வந்தால் அவசரப்படாதீர்கள். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மாணவரை நெருக்கக் கூடாது என, கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற, முதுநிலைப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் அமைப்பின் தீர்மானத்தில் நிறையப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. உங்களுக்கு வந்த பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை இல்லாத எம்.எஸ். அழைப்புக்கு இது பொருந்தாது, அங்கே முன்பணமும் தேதியும் அவரவர் விதிப்படிதான், கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

காத்திருப்புப் பட்டியலில் வைத்திருந்தால், இன்னமும் விருப்பம் இருக்கிறது என்று துறைக்கு ஒரே ஒரு மின்னஞ்சல், இடையில் ஏதாவது கட்டுரை வெளிவந்திருந்தால் அதையும் சேர்த்து. இரண்டு இடம் கிடைத்தவர்கள் வேண்டாததை இன்றைக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள், அந்த இடம் பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்குத்தான் போகும்.